மாமா தூக்கத்தில் போட்ட பிரேக்

என் அக்காவின் கணவர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பயணியைக்கூட முன்சீட்டில் முட்டிக்கொள்ள விட்டதில்லை. அவ்வளவு பதமாக பிரேக் போடுவதால் டிப்போவில் அவருக்குப் பூனை என்று பெயர். வீட்டிலும் பரம சாது. கொசுவை அடிக்கக்கூட யோசிப்பார்.

தூங்கினால் மட்டும் ஆளே வேறு. கத்துவார், காலை ஓங்கி உதைப்பார், இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஒடிப்பார். எழுப்பினால், குறுக்கே லாரி வந்ததாகக் கனவை ஒன்றுவிடாமல் சொல்வார்.

"கெட்ட கனவுதான்க்கா, விடு" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னவன் நான். டாக்டரிடம் போனால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்களோ என்று மாமாவுக்கு உதறல். வண்டி இல்லாவிட்டால் அந்த மனிதர் இடிந்துபோய்விடுவார். அக்காதான் பிடிவாதமாக இழுத்துப் போனாள். என்ன நடக்கிறதென்று ஒரு மாதம் குறித்து வரச் சொன்னார் டாக்டர்.

டிப்போவில், இறங்கும் டிரைவர் வண்டியின் கோளாறுகளை அடுத்தவருக்காக ஒரு நோட்டில் எழுதிவைப்பார். அக்கா அதே பாணியில் எழுதியிருந்தாள். மாதம் முடிந்து டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். டாக்டர் சிரித்துக்கொண்டே உரக்கப் படித்தார்.

"நாலாம் தேதி. பலத்த பிரேக். தலையணை கீழே. பதினொண்ணாம் தேதி. திடீர்த் திருப்பம். பயணிக்கு உதடு கிழிந்தது. டிரைவருக்குத் தெரிவிக்கவில்லை."

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா அக்கா பக்கம் திரும்பினார். "அலமாரிக் கதவு இடிச்சிடுச்சுன்னு சொன்னியே?"

"தெரிஞ்சா நீங்க தூங்காம உக்காந்திருப்பீங்க. காலையில அம்பது பேரை ஏத்திக்கிட்டு ஓட்ட வேணாமா?"

"சாதாரணக் கெட்ட கனவுல மனசுதான் ஓடும், உடம்பு பெரும்பாலும் அசையாமக் கெடக்கும்" என்றார் டாக்டர். "இவருக்குக் கனவோட சேர்ந்து உடம்பும் கெளம்பிடுது. இது தூக்கக் கோளாறு மாதிரிதான் தெரியுது. ஒரு ராத்திரி இங்க தூங்க வச்சுப் பாத்து உறுதி பண்ணிக்கலாம். மருந்து இருக்கு."

என் மேதாவித்தனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

வண்டி ஓட்டலாமா என்றுதான் மாமா அடுத்துக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"வண்டி கெடக்கட்டும் டாக்டர். இன்னிக்கு ராத்திரி இவ மேல என் கை படாம இருக்க என்ன செய்யணும்? அத மொதல்ல சொல்லுங்க."

உதடு கிழிந்த அன்றுகூட அழாத அக்கா, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.