ரோட்டோரக் கல்லூரி

மகள் கைப்பேசியைப் பார்த்துக் கல்லூரிகளின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள். அப்போது அஸ்தம்பட்டி ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அவ்வளவுதான், நான் அப்பாவின் லாரிக்குள் போய்விட்டேன்.

பிளஸ் டூ முடித்த கோடையில், கல்லூரிகளைப் பார்க்க அப்பா என்னை லோடு லாரியிலேயே கூட்டிப்போனார். கேபின் முழுக்க டீசலும் தார்ப்பாயும் கலந்த வாசம். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் நிறுத்துவார், இறங்க மாட்டார்.

"ஏனுங்கப்பா, உள்ள போயிப் பாக்க வேண்டாங்களா?"

"உள்ளாற நீ பாத்துக்க சாமி. ரோட்டுல இருந்து எவ்வளவு தூரம்னுதான் நான் பாக்கோணும்."

கடைசியில் பைபாஸை ஒட்டியிருந்த கல்லூரிக்குத்தான் தலையாட்டினார். காரணம் சேர்ந்த பிறகே புரிந்தது. லோடு ஏற்றி வடக்கே போகும்போது வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே அவருடைய ஹாரன் கேட்கும். பிறகு பல நாள் சத்தமே இருக்காது. மறுபடி கேட்கிற அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

"இதுல எதும்மா நல்லாருக்கும்?" மகள் கேட்டாள்.

"ரோட்டோரமா எது இருக்குதுன்னு பாரு சாமி" என்றேன். ஹாரன் அடிக்க அப்பா இல்லை என்பது, சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.