மாடத்திலிருந்து வந்த ஒரு வரி

பிறர் பேசுவதை எழுதிச் சம்பளம் வாங்குகிறவருக்குச் சொந்தமாகப் பேச வாய் வராது. ஜொகூர் மாநிலச் சட்டமன்றத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் அவைக்குறிப்பு எழுதினேன். எழுதுகிற நாங்கள் முறை வைத்துக்கொள்வோம், ஆளுக்குப் பத்து நிமிடம். அவை நடுவில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும்; அடுத்தவர் வந்ததும் அறைக்கு ஓடி, ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். கிளினிக் கவுண்டரோ, பள்ளிக்கூட ஆபீஸோ, ஊரார் பேச்சைக் கேட்டே காது தேய்ந்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றபின் அந்தக் கஷ்டத்துக்கே மனம் ஏங்குகிறது, என்ன செய்ய.

அழுத குழந்தை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மேலே பார்வையாளர் மாடத்தில் யாரோ கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். நிதி அறிக்கையின் நடுவில் அது வீறிட்டு அழுதது. நான் கடமை தவறாமல் அடைப்புக்குறிக்குள் ‘குழந்தை அழுகிறது’ என்று எழுதி வைத்தேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் காதர் அண்ணன். சிவப்புப் பேனா இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. உறுப்பினர் பேசினால் எழுது, மேசையைத் தட்டினால் எழுது. மாடத்தில் இடியே விழுந்தாலும் அது நம் குறிப்பில் விழாது என்பது அவர் சட்டம். என் வரியை அடித்துவிட்டு, சிரிக்காமல் கேட்டார்: “ஏன் சாந்தி, அந்தப் பிள்ளை எந்தத் தொகுதியில ஜெயிச்சுச்சு?”

கேன்டீனில் தொலைக்காட்சி

எங்கள் கேன்டீனை நடத்தியவர் பார்வதி அக்கா. ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் கையால் பால் விடாத கோப்பி-ஓ குடித்தால்தான் எனக்குக் காது திறக்கும். மகள் மஞ்சு ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டில் மூன்றாம் ஆண்டு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அனுப்பும் பனிப் படங்களை மசால் வடையோடு சேர்த்து எங்களுக்குப் பரிமாறுவார் அக்கா.

அந்த நாட்டுக்குள் பக்கத்துப் பெரிய நாடு டாங்கிகளோடு நுழைந்தது. பெயர்களைச் சொல்லாமல் விடுகிறேன். எல்லாப் பெயரையும் எழுதிய கைக்கு அந்த ஓய்வாவது கிடைக்கட்டும். மஞ்சு விடுதியின் நிலவறையில் இருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு செய்திதான் வரும்: ‘இருக்கேன்மா’. அக்கா தொலைக்காட்சியை அணைப்பார், உடனே போடுவார், மறுபடி அணைப்பார். வடை கருகியது, கருகியதையே சாப்பிட்டோம்.

அவைக்குள் இதைப் பற்றிப் பேசுவார்களா என்று என்னைக் கேட்டார். யாராவது தீர்மானம் கொண்டுவந்தால்தான் பேச்சு வரும், அக்கா, என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அவங்க பேசலன்னா என்ன தங்கச்சி, எழுதுறது நீங்கதானே. நீங்களே ரெண்டு வரி எழுதிப் போட்டுடக் கூடாதா?”

பாலம்

பேசினார்கள். ஒரு ஒய்பி (சட்டமன்ற உறுப்பினர்களை இங்கே அப்படித்தான் அழைப்போம்) படையெடுப்பைக் கண்டித்து அவசரத் தீர்மானம் கொண்டுவந்தார். வெளிநாட்டு விவகாரம் புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசின் வேலை, மாநிலத்துக்கு என்ன அதிகாரம் என்பதிலேயே முதல் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் சபாநாயகர் அனுமதித்தார்.

இன்னொரு ஒய்பி எழுந்து, அங்கே பாலங்களைத் தகர்த்து மக்களைத் தவிக்கவிடுகிறார்கள் என்று உருக்கமாகத் தொடங்கினார். இரண்டாவது நிமிடமே பேச்சு அவருடைய தொகுதிக்கு வந்துவிட்டது. வெள்ளத்தில் போன பாலம், மூன்று முறை கேட்டும் பதிலில்லை, மக்கள் யோங் பெங் வழியாகச் சுற்றிப் போகிறார்கள். சபாநாயகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “ஒய்பி, நாம இன்னும் உங்க ஆத்தையே தாண்டல. கொஞ்சம் ஐரோப்பாவுக்குத் திரும்பி வாங்க.”

சிலிப்பர்

மறுநாள் வாக்கெடுப்பு. பார்வதி அக்கா கேன்டீனைப் பூட்டிவிட்டு மாடத்துக்குக் கிளம்பினார். சிலிப்பர் போட்டுக்கொண்டு மேலே போக முடியாது, காவலர் விடமாட்டார். அதனால் என் சப்பாத்தை, அந்த மூடிய காலணியை, அவருக்குக் கொடுத்தேன். அவருடைய நீல ரப்பர் சிலிப்பரோடு அவை நடுவில் உட்கார்ந்து, கால்களை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டேன்.

அது என்னுடைய பத்து நிமிடம். தீர்மானம் நன்றாகத்தான் இருந்தது. வன்மையாகக் கண்டிக்கிறது, ஆழ்ந்த கவலை கொள்கிறது, எல்லாம் இருந்தது. நிலவறையில் இருப்பவர்களைப் பற்றித்தான் ஒரு சொல் இல்லை. சபாநாயகர் வாக்குக்கு விட வாயெடுத்தபோது மேலே நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா எழுந்து நின்றிருந்தார். காவலர் அவரை நோக்கி நடந்தார். சபாநாயகர் கையை உயர்த்திக் காவலரை நிறுத்தினார்.

அக்கா கத்தவில்லை. கேன்டீனில் சீனி போதுமா என்று கேட்கும் அதே குரலில், மலாயில் கேட்டார்: “மன்னிக்கணும் துவான். கண்டிச்சு முடிச்சதும், என் பிள்ளைய யாரு போய்க் கூட்டிட்டு வருவாங்க?”

சிவப்புப் பேனா

உட்காருங்கள் அம்மா, என்றார் சபாநாயகர். தீர்மானம் கொண்டுவந்த ஒய்பி எழுந்து, ஒரு வரி சேர்க்க அனுமதி கேட்டார்: அங்கே சிக்கியிருக்கும் நம் மாணவர்களை உடனே மீட்டுவர மத்திய அரசை இந்த அவை கேட்டுக்கொள்கிறது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மேசைகள் அதிர்ந்தன.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். விதிப்படி அக்கா பேசவே இல்லை. அப்படியானால் சபாநாயகர் யாரை உட்காரச் சொன்னார்? அந்த வரி எங்கிருந்து முளைத்தது? வேலை போனாலும் போகட்டும் என்று, ‘பார்வையாளர்’ என்று போட்டு அக்கா கேட்டதை அப்படியே எழுதினேன். அச்செடுத்துக் காதர் அண்ணன் மேசையில் வைத்தேன்.

காதர் அண்ணன் பக்கத்தை இரண்டு முறை படித்தார். அவர் கேட்குமுன் நானே சொல்லிவிட்டேன்: இவங்க எந்தத் தொகுதியிலயும் ஜெயிக்கலதான், அண்ணே. அவர் பேனாவுக்கு மூடி போட்டார். “இல்ல சாந்தி, இன்னிக்கு அங்க ஜெயிச்சது இவங்க ஒருத்தவங்கதான்.”

பிரதி

மஞ்சு பஸ்ஸில் எல்லை கடந்து, விமானமேறி வந்து சேர்ந்தாள். அந்த வரியால்தான் வந்தாள் என்று நான் சொல்லமாட்டேன். எழுதியவள் பெருமையடிக்கக் கூடாது. போர் நின்றதா என்றும் கேட்காதீர்கள். மகளை அழைத்துக்கொண்டு அக்கா எங்கள் அறைக்கு வந்தார். மெலிந்து, குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்ததும் காதர் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுதேன்.

அந்தப் பக்கத்தின் பிரதி வேண்டும் என்றார் அக்கா. எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பெயர் போட முடியாது, அக்கா, வெறும் பார்வையாளர்தான், என்று தயங்கினேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். “பேரு வேணாம்லா. கேட்டது இருக்குல்ல, போதும்.”

இருபத்திரண்டு ஆண்டுகளாக விதிப்படி நான் எழுதியதை ஒருவரும் தேடி வந்து கேட்டதில்லை. கேட்டு வாங்கிப்போனது விதியை மீறி எழுதிய அந்த ஒரு வரியைத்தான்.