அக்கா திருப்பி அனுப்பிய மாலைகள்

அக்காவின் முதல் திதிக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும், உடன்பிறந்த ஐவரில் மிஞ்சியிருக்கும் தம்பி எழுதுவது.

அக்கா கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். பால் வெட்டி எங்கள் நால்வரையும் படிக்க வைத்தார். லோரி கவிழ்ந்து அத்தான் இறந்தபின் ஒரே மகனைத் தனியாக வளர்த்தார். அவன் கூட்டாளி கொடுத்த பையைக் கொண்டுபோய்ப் பிடிபட்டான். பைக்குள் போதைப்பொருள். தூக்குத்தண்டனை விதித்தார்கள்.

கடைசி மேல்முறையீடும் தள்ளுபடியானது. மறுநாள் காலை, எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கெர்லிங் ஊர் உறவினர்கள் இரண்டு மாலைகளோடும் ஒரு மூட்டை அரிசியோடும் வேனில் வந்து இறங்கினார்கள். சின்னம்மா வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்.

"யாருக்குச் சின்னம்மா அழுவுற?" என்றார் அக்கா.

"ஒம் மவனுக்குத்தான் ஆத்தா. எப்ப கொண்டாராங்க?"

"அவன் ஜெயில்ல சோறு தின்னுக்கிட்டு இருக்கான்லா! மாலையத் தூக்கிக்கிட்டுப் போங்க."

"அப்ப அரிசி?" என்று இழுத்தார் சித்தப்பா.

"அத வச்சிட்டுப் போங்க. அவன் வந்தா ஆக்கிப் போடுறேன்."

அதற்குப் பிறகுதான் அக்கா, தூக்குத்தண்டனையை ஒழிக்கப் போராடுகிறவர்களோடு சேர்ந்தார். கோலாலம்பூரில் ஒரு கூட்டத்துக்கு வெளிநாட்டினரும் வந்திருந்தார்கள். நானும் துணைக்குப் போயிருந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டபோது, மொழிபெயர்த்த பெண்ணிடம் அக்கா சொன்னார்: "நான் செத்தா எம் மவன் கொள்ளி வைக்கணும். அதுக்கு அவன் உசுரோட இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்னு சொல்லு தாயி." கொள்ளி என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கவே நேரம் பிடித்தது.

சட்டம் மாறியது. தூக்கு, முப்பது ஆண்டுச் சிறையானது. எல்லாரும் அக்காவைக் கட்டிப்பிடித்தார்கள். நான் மனக்கணக்குப் போட்டேன். அவன் வெளியே வரும்போது அக்காவுக்குத் தொண்ணூற்றொன்று. "இருந்து காட்டுறேன் பாரு" என்றார். சிறுநீரகம் விடவில்லை.

கொள்ளி வைக்க மகனை ஒரு மணி நேரமாவது அனுப்பச் சொல்லிச் சிறையில் கேட்டோம். முடியாது என்றார்கள். பிறந்த வீட்டுக் கோடியை நான் போட்டேன். அத்தானுடைய தம்பி மகன் கொள்ளி வைத்தான். கெர்லிங்கிலிருந்து மாலைகள் வந்தன. திருப்பி அனுப்ப அக்கா இல்லை.

கட்டணம் வாங்காமல் வாதாடிய வழக்கறிஞர்களுக்கும், முகம் பாராமலே அக்காவுக்காகக் கையெழுத்திட்ட அயல்நாட்டு மக்களுக்கும், கடைசி மாதங்களில் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

காரியம் முடிந்து சிறைக்குப் போனேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் மகன் கேட்டான்.

"கொள்ளி யாரு மாமா வச்சா?"

"ஒஞ் சித்தப்பா மவன்."

"ஒழுங்கா வச்சானா?"

"வச்சாம்ப்பா."

தொலைபேசியைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான்.

"அப்ப நான் வெளிய வந்து என்னா மாமா செய்ய?"

உங்களில் எவருக்கேனும் பதில் தெரிந்தால், தயவுசெய்து அவனைப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.