சுண்ணாம்பு மேட்டு மீன்

ஆல்வினா வாசிங்கர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அமெரிக்காவின் நட்டநடுவே, மேற்குக் கன்சாஸில்தான். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கோடை முழுக்க அவள் மனசு ஒரு கடல்மீனிடமே கிடந்தது.

காணாமல்போன கன்றைத் தேடிப் போனபோது, ஓடைக்கரைச் சுண்ணாம்பு மேட்டில், கோடி வருஷங்களுக்கு முன் அங்கே இருந்த கடலின் மிச்சமாக, அதன் வால் கல்லாய்ச் சமைந்து விசிறிபோல நீட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மாட்டு வேலை முடிந்ததும் அடுப்படிக் கத்தியும் பழைய தூரிகையுமாக மேட்டுக்குக் கிளம்பிவிடுவாள். முள் முள்ளாக வெளிப்பட்டு, கடைசியில் தலை வந்தது. தூக்கிய கீழ்த்தாடை, விரல் நீளப் பற்கள். கால்நீட்டிப் படுத்த இரண்டு ஆளைவிட நீளம். விலாவுக்குள் முழுசாய் விழுங்கிய இன்னொரு மீன்.

கணவன் எமிலுக்கு ஒரே இளக்காரம்.

"என்ன ஆல்வினா, ராத்திரிக்கு வறுக்கத் தேறுமா?"

"வந்து பாரு எமில். தாடை அப்படியே உன்னோடதுதான். சொந்தக்காரனா இருப்பான்."

அருங்காட்சியகத்து ஆட்கள் அடுத்த வாரம் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். கோதுமையும் அறுப்புக்கு நின்றது. அப்போதுதான் ஒரு மத்தியானம் வானம் பச்சையாய்க் கறுத்தது.

வயல் வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்த எமில் வீட்டுக்குள் ஓடிவந்து மெத்தையை உருவினான். அவள் அம்மா கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்த வாத்து இறகு மெத்தை.

"ஐயோ, அது எதுக்கு?"

"ஆலங்கட்டி வருது. கோதுமைய எத வச்சு மூடுறது? உன் மீனையாவது மூடுவோம். அந்தப் பக்கம் பிடி!"

மேட்டுக்குத் தூக்கி ஓடி, மீனின் தலையும் விலாவும் மறைய மெத்தையை விரித்து, பால் வாளிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஆளுக்கொரு ஓரத்தை அமுக்கிக் குப்புறப் படுத்தார்கள். முட்டை முட்டையாய் ஆலங்கட்டி விழுந்தது. ஓய்ந்தபோது வயலில் ஒரு கதிர்கூட நிற்கவில்லை. எமிலின் புறங்கையெல்லாம் ரத்தம். மெத்தையை விலக்கி, முதல்முறையாக அந்த மீனை நன்றாகப் பார்த்தான்.

"முழுங்கின கையோட செத்திருக்கான், பேராசைக்காரப் பய," என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டான்.

அந்தக் குளிர்காலம் அவன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போக வேண்டிவந்தது. மீன் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போனது. எமிலும் கண்ணை மூடி வெகுகாலமாகிவிட்டது.

கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் அந்தப் பற்களைப் பார்த்து வாய்பிளப்பவர்களுக்கு நடுவே, ஆல்வினா தனக்குள் சிரித்துக்கொள்வாள். நனைந்த மெத்தை கடைசிவரை காயவேயில்லை. இலையுதிர்காலம்வரை இருவரும் தொழுவத்து வைக்கோலில்தான் படுத்தார்கள், ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டு. அப்படியொரு தூக்கம் அப்புறம் வாய்க்கவில்லை என்பாள்.