பெஞ்சமின் கழட்டாத கோட்டு

வெயிலுக்கும் குளிருக்கும் பயந்துதான் மனுசன் துணி உடுத்த ஆரம்பித்தான் என்று சொல்கிறவன் பெஞ்சமினைப் பார்த்திருக்க மாட்டான். கத்திரி வெயிலில், ஊரப்பாக்கம் ரயிலடியில் நாய்கூட நிழல் பார்த்துச் சுருண்டு கிடக்கிற நேரத்தில், கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நாலு முட்டை வாங்கப் போகிற ஆள் அவர்.

"இன்னா அண்ணாத்த, கோர்ட்டுக்கா?" என்பான் முட்டைக்கடைக்காரன்.

"வூட்டுக்குத்தான்" என்பார். வேர்வை காதோரம் வாய்க்கால் வெட்டி ஓடும். துடைக்க மாட்டார். துடைத்தால் கெத்து போய்விடுமாம்.

மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக வெளியே வந்தவர். முதல் போனஸில் பெண்சாதி மார்கரெட் கம்மல் கேட்டாள். இவர் கோட்டு தைத்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்த சண்டை இன்னும் ஓயவில்லை. மார்கரெட்டின் அண்ணன் பிள்ளைகளுக்கு இவர் கோட்டு மாமா. அவர்கள் பிள்ளைகளுக்குக் கோட்டுத் தாத்தா. தொப்பை வளர்ந்தது, கோட்டு வளரவில்லை. பொத்தான் போட்டால் மூச்சு விடுவது சிரமம். ஆனாலும் போடுவார்.

கிறுக்கு சும்மா வரவில்லை. இவர் அப்பன் சின்னையன் செங்கல்பட்டுக்கு மேற்கே ஆண்டை வீட்டு நிலத்தில் ஏர் ஓட்டினவர். ஏழு பிள்ளை பெற்று ரெண்டைத்தான் தங்க வைத்தார்; மூத்தவள் ரெபேக்காள், இளையவர் இவர். ஆண்டை தலை தெரிந்தால் சின்னையன் தோளில் கிடக்கிற துண்டு கக்கத்துக்குப் போய்விடும். முதுகு தானாக வளையும். பெஞ்சமினுக்கு எட்டு வயசில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்.

"இன்னாடா சின்னையா, உன் மவன் கலெக்டராயிட்டானா?" என்று கேட்டார் ஆண்டை. அடிக்கவில்லை, வையவில்லை, கேட்டார், அவ்வளவுதான். அப்பனே தன் கையால் மகன் சட்டையை உருவினார். அவசரத்தில் ஒரு பொத்தான் தெறித்து மண்ணில் போச்சு. அந்த ஒற்றைப் பொத்தானுக்குத்தான் இத்தனை பொத்தான் வைத்த கோட்டு.

மகள் ஜெனிட்டா கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை செய்த கிரிஷைக் கட்டிக்கொள்வேன் என்றாள். கிரிஷின் அப்பா கோதண்டராமன் பேங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர்; நல்ல மனுசன், ரெண்டு நாள் யோசித்துச் சரி என்றார். காலையில் செங்கல்பட்டில் கோயில் கல்யாணம், சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டில் வரவேற்பு. வரவேற்புக்கு கிரிஷின் தங்கை அதிதி 'கிராமத்து தீம்' என்று முடிவு பண்ணினாள். ஆம்பளைகளுக்கெல்லாம் பை வந்தது. உள்ளே செம்மண் நிறத்தில் ஒரு வேட்டி, சிவப்புத் துண்டு. சட்டை இல்லை.

பெஞ்சமின் வேட்டியைப் பிரித்தார். "இன்னாம்மே இது, ஒட்டுப் போட்டுகீது? கிழியவே இல்லியே!"

"அதான் ஃபேஷனாம். ஒட்டுக்குத்தான் வெல அதிகம்" என்றாள் மார்கரெட். "உங்கப்பன் கட்னதெல்லாம் இன்னிக்கி இருந்தா நாம கோடீஸ்வரங்க."

ஜெனிட்டா அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள். "ப்பா, ஒரே ஒரு சாயங்காலம். தீம்ல இல்லாதவங்க மேடைக்கு வரக்கூடாதுன்னு அதிதி சொல்லிட்டா. நீ எம் பக்கத்துல நிக்கணும்ப்பா."

கோட்டா, மகள் பக்கமா? வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தார். ஆனால் சாயங்காலம் ரிசார்ட் வாசலில் இறங்கும்போது பை கையில்தான் இருந்தது, கோட்டு உடம்பில் இருந்தது.

உள்ளே ஓலைக் குடிசை, மாடில்லாத வண்டி, சின்ன மண்கலயத்தில் உறிஞ்சு குழல் வைத்துக் கூழ். மாசம் லட்சம் வாங்குகிறவனெல்லாம் தலைப்பாகை கட்டி, வேட்டியைத் தொடை தெரிய ஏற்றிக் கட்டி, வெற்றுடம்போடு நிற்கிறான். தட்டு ஏந்துகிற ரிசார்ட் ஆட்கள் அத்தனை பேரும் கறுப்புக் கோட்டு.

கோதண்டராமனின் தம்பி பட்டாபி அப்போதுதான் பெங்களூரிலிருந்து வந்து வேஷம் மாற்றியிருந்தார். தலைப்பாகை, தங்கச் சங்கிலி. தொப்பை மட்டும் பட்டினி கிடக்க ஒத்துக்கொள்ளவில்லை. பெஞ்சமினைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். "மேனேஜர்! இங்க காத்தே வரல. ஃபேனைக் கொஞ்சம் திருப்பி வைங்கோ!"

பெஞ்சமின் கை முதல் பொத்தானுக்குப் போச்சு. கழட்டினால் சின்னையன், கழட்டாவிட்டால் சர்வர். எதைப் போட்டாலும் கூப்பிடுகிறவன் கூப்பிடத்தான் செய்கிறான். கை பொத்தானிலேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் இறங்கியது.

"ஃபேன் வரும் சார். ஆனா உங்க வேசம் தப்பா கீதே."

"தப்பா? எங்க?"

"பண்ணையாளு கோட்டுக்காரன் எதிர்ல தலப்பாவோட பேச மாட்டான். அவுருங்க. கக்கத்துல வைங்க. ம்... முதுகு வளையணும். இன்னும் கொஞ்சம். கண்ணு தரையில."

"ஓ! அசல் அப்படியே வரணும்னு சொல்றேள்!" பட்டாபிக்கு ஒரே குஷி. வளைந்தார். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் ஓடி வந்து, தலைப்பாகையை அவிழ்த்து, கக்கத்தில் இடுக்கி, வரிசையாக வளைந்தார்கள். போட்டோக்காரர் தலைதெறிக்க ஓடி வந்தார்.

அதிதி கை தட்டினாள். "அங்கிள், நீங்க பண்ணையார் வேஷமா! சொல்லவே இல்லயே! நடுவுல நில்லுங்க. அப்படியே மேடைக்கு வாங்க!"

மேடையில் கோதண்டராமன், "இவர்தான் எங்க சம்பந்தி" என்று காட்டியதும் பட்டாபி நாக்கைக் கடித்தார். "அய்யோ, உங்கள மேனேஜர்னு நெனச்சுட்டேன்!"

"அதுக்கின்னா சார். நானும் உங்கள எங்கப்பானு நெனச்சுட்டேன்."

பட்டாபி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஜெனிட்டா அப்பா காதோரம் குனிந்தாள். "ப்பா, அது இன்னா போஸு?"

"உங்க தாத்தா போஸு."

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. கோட்டுக் கையைப் பிடித்தவள், சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற வரைக்கும் விடவில்லை.

அந்தப் போட்டோவைக் கோதண்டராமன் ஆளுயரத்துக்குப் பெரிசாக்கி, கேளம்பாக்கம் ஃப்ளாட்டில் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம், "எவ்வளவு தத்ரூபம் பாருங்கோ!" என்று காட்டுகிறார். சம்பந்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பெஞ்சமின் அதற்கு நேர் எதிர் நாற்காலியில்தான் உட்காருவார். "புழுக்கமா இருக்கே, கோட்டைக் கழட்டி வைங்களேன்" என்பார் கோதண்டராமன். "பரவால்ல சம்பந்தி" என்று சொல்லி இன்னொரு டம்ளர் காப்பி கேட்பார் பெஞ்சமின்.