காளையோடு பிறந்த கிடாரி

கன்று வாங்கி வளர்த்து விற்பதில் நஷ்டமே வராது என்று என்னிடம் சொன்னவன் தீவனக் கடை வைத்திருப்பவன். அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் அவன் ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பக்கத்தில் உட்கார்ந்தவனைச் சந்தேகப்பட நம் பள்ளிக்கூடங்களில் சொல்லித் தருவதில்லை. பரீட்சை நாளில் மட்டும் அந்த வேலையைக் கண்காணிப்பாளர் பார்த்துக்கொள்வார்.

நான் செங்கல்பட்டில் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருபத்தைந்து வருடம் இருந்தவன். ஒரு பெட்டி திருகாணி வாங்குவதென்றாலும் மூன்று பேரிடம் விலை கேட்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. கம்பெனி வேறு மாநிலத்துக்குக் குடிபோனபோது எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நேரம் நிறைய இருக்கும், பார்த்துக்கொள் என்று அர்த்தம் போலிருக்கிறது. மனைவி ஆசிரியை. காலை எட்டு மணிக்கு அவள் பள்ளிக்குக் கிளம்புவாள். நான் வாசல்வரை போய் வழியனுப்புவேன். ஆறு மாதத்தில் தெருவே என்னை அந்தக் கோலத்தில் பார்த்துப் பழகிவிட்டது.

கருங்குழிக்குப் பக்கத்தில் மனைவி வழியில் வந்த அரை ஏக்கர் இருந்தது. கிணறும் ஒரு தகரக் கொட்டகையும் உண்டு. நண்பனின் கடையும் அதே பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே. அவன் சொன்ன திட்டம் எளிமையானது. பால் மாடு வைத்திருப்பவர்கள் கன்றுக்குப் பால் விட மனசில்லாமல் நாலைந்து மாதத்தில் தள்ளிவிடுவார்கள். அந்தப் பெண் கன்றுகளை வாங்கிக் கிடாரியாக வளர்த்து, சினை பிடித்ததும் விற்க வேண்டும்.

"நடுவுல உனக்கு வேலையே இல்ல மச்சான். அது பாட்டுக்குத் துன்னும், அது பாட்டுக்கு வளரும். நீ ஒரு பொஸ்தகத்த வெச்சிகினு ஒக்காந்துகினு இருக்கலாம்."

புத்தகம் என்றதும் விழுந்துவிட்டேன். கன்று வளர்ப்பைப் பற்றித் தமிழில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தடுப்பூசி, குடற்புழு மருந்து, தொப்புள் வீக்கம், காம்பு எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது என்று ஒரு நோட்டு முழுக்கக் கேள்விகள் எழுதினேன். முதலில் படாளத்தில் இரண்டு கிடாரிக் கன்றுகள் வாங்கினோம். நோட்டைப் பிரித்து நான் கேள்வி கேட்ட தோரணையில், விற்றவர் நான் ஏதோ ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டார்.

அடுத்த வாரம் நண்பன் என்னைத் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனான். மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு கிராமம். மாடு மேய்ந்த நிலம் வில்லா கட்டுகிறவர்களுக்குப் போய்விட்டது. அக்கா மாடுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் இரண்டு செவலைக் கன்றுகள் ஒன்றின் கழுத்தில் ஒன்று தலையை வைத்துக்கொண்டு நின்றன.

"ரெட்டைங்க தம்பி. இது காள, இது கிடாரி" என்றார் அக்கா.

"ரெட்டக் கன்னு வூட்டுக்கு வந்தா ராசி மச்சான்" என்றான் நண்பன். "அண்ணனும் தங்கச்சியும். பிரிச்சா பாவம்."

அக்கா இரண்டுக்கும் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்தார். வைக்கும்போதே அழுதார். தாய்ப்பசு பின்னாலிருந்து கூப்பிட்டது. திருகாணிக்கு மூன்று பேரிடம் விலை கேட்டவன், நோட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. காபியைக் குடித்துவிட்டு, சொன்ன விலைக்கு இரண்டையும் வண்டியில் ஏற்றினேன்.

வளர்ந்தன. காளையை ஒரு வருடத்தில் ஒருவர் வண்டிக்கு வேண்டும் என்று வாங்கிப் போனார். எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. அதன் தங்கை மட்டும் அப்படி ஓர் அழகாக வந்தது. வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வந்து வழி தவறியவர்கள்கூட, காரை நிறுத்தி, முதுகில் கொக்கு உட்கார்ந்திருந்த செவலையை நீளமான கேமராவில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். என் பைக் சத்தம் கேட்டால் கயிறு இழுபடுமளவுக்கு முன்னால் வந்து நிற்கும். ஐம்பது வயதுக்கு மேல் என்னை எதிர்பார்த்து யாராவது நிற்பது புது அனுபவம்.

படாளத்துக் கிடாரிகள் இரண்டும் பருவத்துக்கு வந்து காலத்தில் கத்தின, சினை ஊசி போட்டதும் பிடித்தன, நல்ல விலைக்குப் போயின. "பரவாயில்லையே" என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் அது விருது.

செவலை மட்டும் கத்தவில்லை. இரண்டு வயது தாண்டியும் பருவத்துக்கு வரவில்லை. நண்பனிடம் சொன்னபோதெல்லாம் அவனிடம் ஒரு மருந்து இருந்தது. தாது உப்பு குடு என்பான், தீவனத்தை மாத்து என்பான், பருத்திக்கொட்டை போடு என்பான். ஒவ்வொன்றும் அவன் கடையிலேயே கிடைத்தது. நான்கு மாதம் மூட்டை மூட்டையாகச் சுமந்தேன்.

கடைசியில் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். சின்னப் பெண். தோள்வரை கையுறை மாட்டி உள்ளே சோதித்துவிட்டு, என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுகூட இன்னொரு கன்னு பிறந்துதா சார்?"

"ஆமாம், ரெட்டை. அண்ணன் காளை" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் கையுறையைக் கழற்றினார். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறக்கிற கிடாரிக்குப் பெரும்பாலும் கர்ப்பப்பை வளராது என்றார். வயிற்றுக்குள் இருக்கும்போதே காளையின் ரத்தம் இதன் ரத்தத்தோடு கலந்துவிடுமாம். "இதுக்கு ஊசி, உப்பு எதுவும் பிரயோஜனமில்லை சார். பிறந்த அன்னிக்கே முடிஞ்சுபோன விஷயம்."

நேராகக் கடைக்குப் போனேன். நண்பன் தலையில் கை வைத்தான்.

"ஐயோ மச்சான், எனுக்கு இன்னா தெரியும்? நான் மூட்ட விக்கிறவன். டாக்டரா நானு? அக்காவுக்கும் தெரியாது பாவம்."

நம்பினேன். நம்பத்தான் விருப்பமாக இருந்தது. நாற்பது வருடப் பழக்கத்தில் ஒரு கிடாரிக்காகச் சந்தேகப்படுவது எனக்கே மட்டமாகப் பட்டது. அவன் மறுநாளே ஓர் ஆளைப் பிடித்துவிட்டான். "படாளத்துல ஒரு அம்மா. ரெண்டு மாடு வெச்சி பால் ஊத்துது. கிடாரி வோணுமாம்."

"மலடுன்னு சொல்லிட்டியா?"

"மொதல்ல வந்து பாக்கட்டும் மச்சான். அப்பால சொல்லிக்கலாம்."

சரி என்றேன்.

அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். செவலையைச் சுற்றி ஒரு நடை வந்தார், பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், முதுகில் கை வைத்துச் சுழி தேடினார். முகத்தில் திருப்தி தெரிந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இது ஒத்தையா பொறந்ததா, ரெட்டையா?"

"ஒத்ததான்கா" என்றான் நண்பன்.

கேள்வி முடிவதற்குள் வந்த பதில். யோசிக்கவில்லை, என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று தெரியாதவனால் அவ்வளவு வேகமாகப் பொய் சொல்ல முடியாது. மருத்துவர் சொன்னதை இந்த வாரம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவனின் வேகம் அல்ல அது. பிறந்ததிலிருந்து மாட்டோடு இருந்தவனின் வேகம். அக்கா வீட்டுக் கொட்டகையில் என்னை நிறுத்தி ராசி என்று சொன்ன அன்றைக்கே அவனுக்குத் தெரியும்.

அந்த அம்மாவும் எதையோ கண்டுபிடித்துவிட்டார். "நீ இரு. சார் சொல்லட்டும்."

"ரெட்டைம்மா" என்றேன். "கூடப் பிறந்தது காளை."

"தெரிஞ்சா வாங்கின?"

"தெரியாம."

"எவன் வாங்கிக் குடுத்தான்?"

நான் நண்பன் பக்கம் திரும்பினேன். அவர் நண்பனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார், பரிதாபமாக. "எங்கூர்ல மூக்கு ஒழுவுற புள்ள கூட இத்தக் கேக்கும் சார். இம்மாம் படிச்சிகீற, இத்தக் கேக்கலயா?" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

நண்பன் முகம் சிவந்திருந்தது. "வெளியாளு முன்னால என்ன அசிங்கப்படுத்திட்ட இல்ல?"

"உனக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரிஞ்சா இன்னா இப்போ?" கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டான். "அக்கா வூட்டக் காலி பண்ணிகினு போவுது. காளையோட பொறந்தத எவன் வாங்குவான்? ஊருக்கே தெரியும். உனுக்குத்தான் தெரியாது. நீ சம்பாரிச்சவன் மச்சான். நீ தாங்குவ."

நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை. ஊர் முழுக்கத் தேடி, ஏமாற்றினால் தாங்கக்கூடிய ஆள் யார் என்று யோசித்து, என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். மூன்று பேரிடம் விலை கேட்டிருந்தால்கூட அவ்வளவு சரியான ஆள் கிடைத்திருக்காது. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். நான் செவலைக்குத் தண்ணீர் காட்டினேன். அது குடித்தது.

மாலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நண்பனைப் பற்றி நிறையச் சொன்னேன். ஆறாம் வகுப்பு, பக்கத்து இருக்கை, துரோகம் என்ற சொல்லைக்கூட இரண்டு தடவை பயன்படுத்தினேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள். முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தம்மாகிட்ட நீங்களா சொன்னீங்களா, அவங்க கேட்டதால சொன்னீங்களா?"

காலையில் அவர் முதுகைத் தடவிச் சுழி பார்த்த நேரமெல்லாம் நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சொல்வதற்கு நிறைய நேரம் இருந்தது.

"கேட்டதால" என்றேன்.

அவள் அடுத்த தாளை எடுத்தாள்.