பத்துமலையின் மகளும் கண்ணாடிக் குப்பிகளும்

அந்தப் புதன்கிழமையும் குப்பிகள் கலங்கியிருந்தன. திங்கட்கிழமை நவமணி தன் கையால் மாற்றி வைத்த தெளிந்த நீர், அரிசி கழுவிய தண்ணீர் போலாகிவிட்டது. உள்ளே வளர்த்த உயிரணுக்கள் எல்லாம் செத்துக் கிடந்தன.

"மறுபடியுமா? உன் கை ராசி அப்படிலா தங்கச்சி," என்றான் உடன் வேலை செய்யும் ஜெயபாலன். விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்கு ஊசியாய்க் குத்தியது.

அது 1985. மலேசியாவின் ஈப்போ நகரில் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் சிறிய ஆய்வுக்கூடம் அது. தலைவர் டாக்டர் அடைக்கப்பன் லண்டனில் படித்தவர். பரம்பரை நோய்களுக்கு ஒரு காலத்தில் மரபணுவையே மருந்தாகக் கொடுப்பார்கள், அந்த மருந்தைப் பீப்பாய் பீப்பாயாக உண்டாக்க உயிரணுக்களைப் பெருமளவில் வளர்க்கத் தெரிய வேண்டும் என்பார். அதற்காகவே லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு ஓர் இடம் இருந்தது. தீபாவளிவரை குப்பிகளைக் கெடாமல் காத்துக் காட்டினால், அந்த இடத்துக்கு நவமணியின் பெயரைச் சொல்வதாக வாக்களித்திருந்தார்.

தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தகரக்கூரை வீட்டில் பிறந்து, பல்கலைக்கழகம்வரை ஏறி வந்தவள் அவள். இந்த ஒரு படி வழுக்கினால் மறுபடி ஏற இன்னொரு படி கிடைக்காது.

டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தார்.

"இது ஈஸ்ட். மாவு புளிக்க வைக்கிறது, சாராயம் காய்ச்சுறது, இந்த மாதிரி இடத்திலேருந்து உடுப்புல, முடியில ஒட்டிக்கிட்டு வரும். உங்க வீட்டுல யாரும் அப்படி..."

"இல்ல டாக்டர். அப்பா ரப்பர் மரத்துல பால்வெட்டு," என்றாள்.

பொய். அவள் அப்பா பத்துமலை, தோட்டத்துக் கள்ளுக்கடையில் கள் ஊற்றுகிறவர். ஒவ்வொரு ஞாயிறும் அவரோடு பீப்பாய் கழுவி, கள் நுரையில் முழங்கைவரை நனைந்துவிட்டுத்தான் அவள் ஈப்போ பஸ் ஏறுவாள். பள்ளி நாளிலிருந்தே கேட்டவர்களுக்கெல்லாம் பால்வெட்டு என்றே சொல்லிப் பழகியிருந்தாள்.

அந்த வாரத்தோடு வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினாள். குப்பிகள் தெளிந்தன. அவள் மனசில் மட்டும், பேர் தெரியாத ஒரு பயம் ஈரத்துணிபோல் ஒட்டிக்கொண்டே இருந்தது.

தீபாவளிக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது ஜெயபாலன் சிரித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தான். "யாரு வந்திருக்காங்க பாரு. பாவம், வெயில்ல நின்னாரு. நான்தான் உள்ள கூட்டியாந்தேன்."

உடுப்பு மாற்றும் அறையில் பத்துமலை நின்றிருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆணியில் தொங்கிய அவளுடைய வெள்ளை அங்கியை மெல்லத் தடவினார்.

"இதத்தான் போட்டுக்குவியா ஆத்தா?"

"தொடாதீங்கப்பா. வெளிய போங்க."

அவர் கை, நெருப்பைத் தொட்டதுபோல் பின்வாங்கியது. குனிந்து தன் சட்டையை மோந்து பார்த்தார். "வாடை அடிக்குதோ? துவைச்சதுதான் போட்டுக்கிட்டு வந்தேன்."

ஒரு வார்த்தை போதும், விளங்கவைத்துவிடலாம். ஆனால் பக்கத்தில் ஜெயபாலன் நின்றான். கள்ளுக்கடைப் பேச்சை எடுத்தால் பொய் அம்பலமாகிவிடும்.

"சரி, வேலையப் பாரு. போய்ட்டு வாரேன்," என்றார் பத்துமலை.

அன்றே அவள் அந்த அங்கியை வெந்நீரில் அவித்தாள். அறையை மருந்து போட்டுத் துடைத்தாள். குப்பிகள் தப்பின.

அடுத்த வாரம், தீபாவளிக்கு முந்தின நாள், டாக்டர் ஒவ்வொரு குப்பியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுத்தம். லண்டனுக்கு எழுதிட்டேன். இடம் உனக்குத்தான்."

ஜெயபாலன் கைகொடுத்தான். "அப்பா கேட்டா பூரிச்சுப் போவாருலா. ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சா?"

"என்ன ஆப்பரேஷன்ண்ணே?"

"உங்கிட்ட சொல்லலையா? வயித்துல கட்டி. அன்னிக்கே ஆஸ்பத்திரியில சேரணும், மவ கூட வந்தா தெம்பா இருக்கும்னாரு." அவன் முகம் மாறியது. "அப்பவே எனக்குப் புரியல. ஆஸ்பத்திரி பக்கம் போகாம, தாப்பா பஸ்ல ஏறிட்டாரு. கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கல. அப்புறமாவது போய்ச் சேர்ந்திருப்பாருன்னு நெனச்சேன்."

நவமணி கையுறையைக்கூடக் கழற்றாமல் டாக்டரின் மேசைக்கு ஓடினாள். தோட்ட ஆபீசுக்குப் போன் சுழற்றினாள். நெடுநேரம் மணி அடித்தபின் யாரோ எடுத்தார்கள்.

"யாரு, பத்துமலை மவளா?" என்றது ஒரு குரல். "உடனே பொறப்பட்டு வாம்மா, விடியக்காலையில அப்பா தவறிட்டாரு."